ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன்

மே 30, வெள்ளி

கடைசி நாளும் கவுண்டரிலேயே போனது. மாவட்டக் கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணல் என்று ஒன்று உண்டு. உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு முறை ஆள் வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். இன்று கடைசியாக வந்தவர் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். மகன் கைபிடித்துக் கூட்டிவந்தான். நல்ல பிள்ளை. பெயர் கேட்டேன், மகன் சொன்னான். முகவரி கேட்டேன், மகன் சொன்னான். சும்மா பேச்சுக்கு, "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்றேன். "சாப்பிட்டாங்க மேடம்" என்றான். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மாலையில் பிரிவு உபசார விழா. சால்வை, மாலை, கேசரி. எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "இனி என்ன வடிவு மேடம், சென்னைக்குப் போயி பேத்தியைக் கொஞ்சிக்கிட்டு நிம்மதியா இருக்க வேண்டியதுதானே." நானும் அதைத்தான் சொன்னேன்.

பாளையங்கோட்டை வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. சாமான் லாரியில் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டது. எட்டாம் தேதி எனக்கு டிக்கெட். அதுவரை தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சியில், தோழி ரெஜினா வீட்டில் ஒரு வாரம்.

ஜூன் 1, ஞாயிறு

இலஞ்சி வந்து சேர்ந்தேன். சாரல் இன்னும் தொடங்கவில்லை, ஆனால் காற்று தொடங்கிவிட்டது. மலை கொல்லைப்புறத்திலேயே நிற்கிறது.

ரெஜினாவும் இசக்கியும் நானும் ஒரே நாளில் கருவூலத்தில் சேர்ந்தவர்கள். ரெஜினா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்று, இந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். இசக்கி என்னைப் போலப் புருஷனை இழந்தவள். மார்ச்சில் ஓய்வு பெற்று நேராக இங்கே வந்துவிட்டாள். மகன்கள் கூப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் வாங்கம்மா வாங்கம்மாங்கானுவ. என்னைக்குன்னு ஒருத்தனும் சொல்லல. சரி, சொல்லுத வரைக்கும் இங்ஙன இருப்போம்னு வந்தேன்" என்றாள். முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். மாம்பழச் சாறுதான் இருந்தது.

வீட்டில் மூன்று அறைகள். மூன்றாவதில் கட்டில், புது மெத்தை, நீலத் திரை. யாருக்கு என்றேன். "வாரவங்களுக்கு" என்றாள் ரெஜினா, புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

ஜூன் 4, புதன்

சாரல் தொடங்கிவிட்டது. துணி காயவில்லை.

இசக்கி ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கி வைத்திருக்கிறாள், கிளிப்பச்சை நிறத்தில். அறுபது வயதில் இது தேவையா என்று கேட்டேன். "அம்பதுல ஆபீஸ் பஸ்ஸுல தொங்கிட்டுல்லா இருந்தேன்?" என்றாள். காலையில் பள்ளிக்கூட மைதானம் வரை போய்க் காற்று வாங்கி வந்தோம்.

இந்த வீட்டில் ஒரு சட்டம்: ஆளுக்கு ஒரு நாள் சமையல். சமைத்தவளிடம் யாரும் குறை சொல்லக் கூடாது. இன்று இசக்கியின் முறை. சட்டம் எதற்கு என்று புரிந்தது.

ஜூன் 7, சனி

கைலாசத்துக்குப் போன் செய்தேன். என் மகன், ஒரே பிள்ளை. ஆபீசில் கைலாஷ் என்கிறார்களாம், எனக்குக் கைலாசம்தான். ரெஜினாவுக்கு இருமல், தனியாக விட்டுவிட்டு வர மனசில்லை, ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்றேன். "இசக்கி சித்தி இருக்காங்கள்ல?" என்றான். இசக்கிக்கும் லேசாக இருக்கிறது என்றேன்.

ரெஜினா காலையில் இரண்டு தடவை இருமினாள். அது உண்மை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

மைதானம். காற்று.

சேலையை விட சுடிதார் வசதி என்று இசக்கி சொன்னதால் தென்காசியில் இரண்டு எடுத்தேன். சென்னையில் உடுத்த உதவும். முட்டியில் சிறு சிராய்ப்பு. கல் தட்டிவிட்டது.

என் அப்பா ஓய்வு பெற்ற நாளை இன்று ஏனோ நினைத்தேன். முந்தின நாள் வரை சைக்கிளில் ஆபீஸ் போனவர், மறுநாள் காலை கிழவராக எழுந்தார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அதை எதிர்பார்த்தோம், அவரும் எதிர்பார்த்தார். சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். திரும்ப ஓட்டட்டுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜூன் 14, சனி

ரெஜினாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. அவள் படிக்கும்போது யாராவது காபி போட்டுக் கொடுக்க வேண்டும். கைலாசத்திடம் சொன்னேன். "சரிம்மா" என்றான். கொஞ்சம் இழுத்த மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரமாகிறது. மருமகள் தேன்மொழி ஆபீசிலிருந்து வர ஏழு மணி ஆகும். பேத்தி மகிழினி மூன்றரைக்கே வந்துவிடுவாள். என்ன செய்கிறார்களோ. பிள்ளை வாடிப்போயிருக்கும். அடுத்த ஞாயிறு கட்டாயம் கிளம்புகிறேன்.

ஜூன் 18, புதன்

தேன்மொழி போன் செய்தாள்.

"அத்தை, நீங்க அவசரப்பட்டு வர வேண்டாம். ஸ்கூல் பக்கத்துலயே ஒரு டே கேர் இருக்கு, அங்க சேர்த்துட்டோம். நல்லா செட் ஆகிட்டா. ரெண்டு மூணு ஃப்ரெண்ட்ஸ் வேற."

"சாப்பிடுதாளா?"

"எல்லாம் சாப்பிடுறா அத்தை. நேத்து பீர்க்கங்காய்க் கூட்டு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கா."

நல்லதுதான். நான் லீவுக்குப் போகும்போதெல்லாம் பீர்க்கங்காயைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வாள். நல்லதுதான்.

இன்று என் சமையல் முறை. ரசத்தில் புளி போட மறந்துவிட்டேன். சட்டப்படி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வயிறு சரியில்லாததால் நான் சாப்பிடவில்லை. ரெஜினா என் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக வரலாற்றுப் பாடம் படித்தாள். பிளாசிப் போர். தூங்கிவிட்டேன்.

ஜூன் 21, சனி

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வழுக்கி விழுந்தேன். போதும்.

ஜூன் 22, ஞாயிறு

கிளம்பவில்லை.

ஜூன் 25, புதன்

மாவுக்கட்டு நனையக் கூடாது. ரெஜினா குளிப்பாட்டுகிறாள். இசக்கி தலை பின்னுகிறாள். இழுக்கிற இழுப்பில் கண் சீனாக்காரி மாதிரி ஆகிவிட்டது. முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் சோப்பு வழுக்கி வாளிக்குள் விழ, ரெஜினா அதைத் தேட, இசக்கி வெளியிலிருந்து "ஏளா, உள்ள மீனா புடிக்கிய?" என்று கத்த, மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையைக் காட்டி என்ன ஆச்சு என்று விசாரித்தார்.

கை வலிக்கிறது. இடது கை.

ஜூன் 28, சனி

கைலாசம் வீடியோவில் வந்தான். போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துப் பேசினேன்.

"எம்மா, ஏன் போனைக் கையில பிடிக்க மாட்டேங்கே?"

"கை ஈரம்."

"ரெண்டு கையுமா? வலது கையைக் காட்டு."

இடது கையைக் காட்டினேன்.

"அம்மா."

காட்டினேன். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தான். பிறகு, "நான் வாரேன். ரெடியா இரு. கூட்டிட்டுப் போறேன்" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு இசக்கி வானொலியை அணைத்தாள்.

ஜூலை 2, புதன்

(வடிவு சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இடது கையால் இவ்வளவு எழுத முடியாது என்கிறாள். — ரெஜினா)

கைலாசம் காலையில் பொதிகை ரயிலில் வந்தான். தோளில் பை, கையில் எனக்கான ரிடர்ன் டிக்கெட். காபி குடிக்கும் முன்பே கேட்டான், எப்படி விழுந்தேன் என்று. வழுக்கி விழுந்தேன் என்றேன்.

(இசக்கிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. — ரெ.)

"வழுக்கியா? எய்யா கைலாசம், ஒங்கம்மா மைதானத்துல எட்டு போட்டா! ரெண்டு எட்டு அழகா போட்டா. மூணாவது எட்டுல ஒரு ஆடு குறுக்க வந்துட்டு. ஆட்டைக் காப்பாத்தணும்னு திருப்பினா பாரு..."

"அம்மா ஸ்கூட்டர் ஓட்டினாங்களா?"

"வந்த மூணா நாள்லேர்ந்து ஓட்டுதா."

(இந்த நாட்குறிப்பில் "மைதானம், காற்று" என்று வருகிற இடத்தில் எல்லாம் ஸ்கூட்டர் என்று படித்துக்கொள்ள வேண்டும். — ரெ.)

கைலாசம் எழுந்து கொல்லைக்குப் போனான். திரும்பி வந்து, "இந்த வயசுல, இப்படி, யாருமில்லாத இடத்துல. ராத்திரி ஒண்ணுன்னா யாரு பாத்துக்கிடுவா? நாளைக்கு ஊர்ல என்ன சொல்லுவாங்க, பெத்த அம்மாவைத் தனியா விட்டுட்டான்னு" என்றான்.

"தனியாவா? இங்க குளிக்கதுக்கே வரிசையில நிக்க வேண்டியிருக்கு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நான் அவனைச் சாப்பிடச் சொன்னேன்.

(அவன் சாப்பிடும்போது இவள் சமையலறையில் அழுதாள். எழுத வேண்டாம் என்கிறாள். — ரெ.)

ஜூலை 3, வியாழன்

இதை நானே எழுதுவேன். எவ்வளவு நேரமானாலும் சரி.

காலையில் ரெஜினா மாதா கோயிலுக்குப் போய்விட்டாள். இசக்கி வேண்டுமென்றே மார்க்கெட்டுக்குப் போனாள். கைலாசமும் நானும் மட்டும். அவன் வெண்டைக்காய் நறுக்கினான். நன்றாக நறுக்குகிறான். எப்போது கற்றுக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது.

"உனக்காக ரூம் ரெடி பண்ணினோம்மா. ஏசி போட்டிருக்கோம். தேன்மொழிதான் திரை கூட தேடித் தேடி வாங்கினா. நாங்க உன்னை வேலைக்கா கூப்பிட்டோம்?"

"இல்ல ஐயா. பிரியமாத்தான் கூப்பிட்ட. ஆனா பள்ளிக்கூடம் தொறக்குற சமயமாப் பார்த்துல்லா கூப்பிட்ட."

அவன் கத்தி நின்றது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஆனால் அவன் மெல்ல, "அதுவும்தான்" என்றான். என் பிள்ளை. பொய் சொல்லத் தெரியாது. அது அவன் அப்பாவிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து இல்லை.

"ஆனா இப்போ டே கேர் இருக்கு. இப்போ நீ சும்மா வந்து இரு. ஒரு வேலையும் செய்ய வேண்டாம். நல்லா பாத்துக்கிடுவேன்."

"அதுதான் பயம்."

"எது?"

"நீ நல்லா பாத்துக்கிடுவே. அதுதான்."

கருவூலத்துக்கு வந்த அந்த டீச்சரைப் பற்றிச் சொன்னேன். அந்த மகன் கெட்டவன் இல்லை, உன்னைப் போலவே தங்கமான பிள்ளை. ஆனால் சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்குக்கூட அந்தம்மாவுக்கு வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ வருஷமாக அந்தக் கவுண்டருக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவதை நிறுத்துவார்கள்.

அவன் வெண்டைக்காயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சம்பந்தமில்லாமல், "நான் அம்பது வயசுல வேலையை விட்டுடலாம்னு பிளான் வச்சிருக்கேம்மா" என்றான்.

"விட்டுட்டு?"

"சைக்கிள்ல லடாக் போகணும். அப்புறம் மரவேலை கத்துக்கணும்."

"அப்போ மகிழினிக்குப் பதினேழு. அவ வேண்டாம்னு சொன்னா?"

"அவ ஏன் சொல்லப் போறா? அது என் லைஃப்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். நான் தாளிக்க எண்ணெய் வைத்தேன், இடது கையால். அவன் உதவ வந்தான், வேண்டாம் என்றேன், சரி என்று நின்று பார்த்தான்.

சாப்பிடும்போது இசக்கி ஆடு கதையை மறுபடி சொன்னாள். இந்த முறை ஆடு இன்னும் பெரிதாகியிருந்தது. கைலாசம் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்ல. நீ இப்படிச் சிரிப்பேன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

ஜூலை 5, சனி

தென்காசி ரயில் நிலையம். அவன் மட்டும் ஏறினான். என் டிக்கெட்டைக் கேன்சல் செய்ததாகச் சொன்னான். "உன் இஷ்டம்மா" என்றான். அது சம்மதமா கோபமா என்று தெரியவில்லை. வண்டி நகரும்போது கை காட்டினான். மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

ஜூலை 9, புதன்

போன் இல்லை.

ரெஜினாவின் பரீட்சை முதல் தாள். எளிதாக இருந்ததாம். இப்படிச் சொன்னவர்கள் யாரும் தேறி நான் பார்த்ததில்லை.

ஜூலை 12, சனி

போன் இல்லை. நானும் செய்யவில்லை. அவன் வேலையாக இருப்பான்.

இசக்கி மைதானத்துக்குக் கூப்பிட்டாள். போகவில்லை. நீலத் திரையைத் துவைத்துக் காயப் போட்டேன். அது அழுக்காகவே இல்லை.

ஜூலை 16, புதன்

மத்தியானம் வாசலில் ஒரு லாரி நின்றது. டிரைவர், "வடிவாம்பாள் யாரும்மா?" என்றார். சென்னைக்குப் போன என் சாமான் மொத்தமும் திரும்பி வந்திருந்தது. பீரோ, தையல் மிஷின், பித்தளைப் பானை, புத்தகப் பெட்டி எல்லாம். ஒன்று விடாமல்.

இத்தனை கோபமா. ஒரு வார்த்தை சொல்லாமல் அம்மாவின் சாமானை மூட்டை கட்டி அனுப்புகிற அளவுக்கா. இசக்கி ஆட்களிடம் அங்கே வை, இங்கே வை என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏட்டி வடிவு, இது ஒன்னோடதா? புதுசா இருக்கே" என்றாள் ரெஜினா.

ஒரு அட்டைப்பெட்டி. பிரித்தால் உள்ளே ஹெல்மெட். கிளிப்பச்சை. இசக்கியின் ஸ்கூட்டருக்குப் பொருத்தமான அதே பச்சை. பக்கத்தில் முழங்கைக்கும் முட்டிக்கும் கட்டுகிற உறைகள், பிள்ளைகள் ஸ்கேட்டிங்குக்குப் போடுவது மாதிரி, பெரியவர் அளவில்.

அப்போதே போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"வந்துட்டா? பீரோ கண்ணாடி உடையலியே? நாலு நாளா அந்தப் பச்சையைத் தேடி அலைஞ்சேம்மா. தேன்மொழிதான் கண்டுபிடிச்சா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா ஐயா. நான் என்னமோ..."

"சொன்னா நீ வேண்டாம்னுவே. பீரோவை வச்சா இடம் அடைக்கும், பாத்திரம் எதுக்குன்னுவே. அப்புறம் பாதி சாமான் அங்க, பாதி இங்க. நீயும் பாதி அங்க, பாதி இங்க. அதான் மொத்தமா அனுப்பிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "எம்மா, ஆடு வந்தா பிரேக் பிடி. திருப்பாதே."

மூக்கு அடைத்துக்கொண்டது. சாரல் காலத்தில் இது சகஜம்.

ஹெல்மெட் போட்டு, மாவுக்கட்டோடு, முற்றத்தில் நிற்க வைத்து இசக்கி படம் எடுத்து அனுப்பினாள். தேன்மொழியிடமிருந்து இருபது சிரிப்பு பொம்மைகள் வந்தன.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மாவுக்கட்டு பிரித்தார்கள். கை மெலிந்து வெளுத்து வேறு யாருடையதோ போல இருக்கிறது. டாக்டர் பந்தை அமுக்கச் சொன்னார். ரப்பர் பந்து கிடைக்காததால் இசக்கி சப்பாத்தி மாவு பிசையச் சொன்னாள். தெருவுக்கே போதுமான சப்பாத்தி இன்று. பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுத்தோம்.

என் எழுத்து திரும்பிவிட்டது. ரெஜினா இனிமேல் இதற்குள் மூக்கை நுழைக்க முடியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மைதானம். ஸ்கூட்டர் ஓட்டினேன். ஆறு எட்டு. ஆடு வரவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மூன்று நாள் சேர்ந்த மாதிரி லீவு. கைலாசம், தேன்மொழி, மகிழினி மூன்று பேரும் வருகிறார்கள் என்று நேற்றிலிருந்து வீடு அமளி. விருந்தாளிக்குச் சமைக்க சட்டப்படி யார் முறை என்று இசக்கிக்கும் ரெஜினாவுக்கும் வாக்குவாதம். கடைசியில் மூன்று பேரும் ஒரே அடுப்பில் நின்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டோம். சொதி, இஞ்சிப் பச்சடி, அவியல். பீர்க்கங்காய்க் கூட்டும் வைத்தேன். பார்க்கலாம் என்று.

சமையல் நடக்கும்போதே தேன்மொழியின் அம்மா மதுரையிலிருந்து போன் செய்தார். "சம்பந்தி, அங்க க்ளைமேட் எப்படி?" என்று ஆரம்பித்து, வாடகை வீடு எப்படிக் கிடைக்கிறது, படியேற வேண்டுமா, தண்ணீர் வசதி எப்படி என்று வெகுநேரம் கேட்டார். அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு. சும்மாதான் கேட்டாராம்.

பதினொரு மணிக்கு ஆட்டோ வந்தது. மகிழினி முதலில் குதித்தாள். போன தடவை பார்த்ததற்கு வளர்ந்துவிட்டாள், முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டிலேயே நின்று மலையைப் பார்த்தாள், பச்சை ஸ்கூட்டரைப் பார்த்தாள், வாசலில் வரிசையாக நின்ற எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள்.

"பாட்டி, இது யாரு வீடு?"

கைலாசம் ஆட்டோவிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். தேன்மொழியும் என்னைப் பார்த்தாள். ரெஜினா பக்கமோ இசக்கி பக்கமோ நான் திரும்பவில்லை.

"என் வீடு" என்றேன். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."